யாரோ ஒருவர் அல்லர்: 1819ஆம் ஆண்டின் ஓர் உருவப்படமும் அதன் வண்ணநுட்பமும்

முன்னுரை

உருவப்படம் என்பது இருவர் கூடிச் செய்யும் கலை. எழுதுபவர் ஒருவர், எழுதப்படுபவர் மற்றொருவர். பாட்டுடைத் தலைவன் எதிரே வந்து அமராமலேயே கவிஞன் பாடிவிடலாம். உருவப்படத்திற்கோ தலைவன் வந்து அமர்ந்தாக வேண்டும்; ஒளி விழும் பக்கம் முகத்தைத் திருப்பிப் பொழுது முழுதும் பொறுமை காக்க வேண்டும். அதற்குரிய ஓய்வும் பொருளும் வாய்த்தவர்கள் அரசரும் செல்வரும் ஆட்சியாளரும் ஆவர். ஆதலின் உலகின் ஓவியக்கூடங்களில் பெரும்பாலும் அவர்தம் முகங்களே நிறைந்திருக்கக் காண்கிறோம்.

அவற்றினிடையே முற்றிலும் வேறுபட்ட ஒரு முகம் அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. 24 அங்குல உயரமும் 20 அங்குல அகலமும் கொண்ட கித்தானில் எண்ணெய் வண்ணத்தால் எழுதப்பட்ட மார்பளவுப் படம் அது. ஆப்பிரிக்க முதியவர் ஒருவர், தலையில் பின்னல் தொப்பியும் உடலில் கனத்த குளிர்கால மேலங்கியும் அணிந்து நம்மை நோக்குகின்றார். இதழோரம் மெல்லிய முறுவல் அரும்பி நிற்கிறது. அவர் அரசர் அல்லர், செல்வரும் அல்லர். 44 ஆண்டுகள் அடிமையாக உழைத்து, பின்னர் விடுதலை பெற்ற இஸ்லாமியப் பெரியவர். அவர் பெயர் யாரோ மாமூத். இப்படத்தை எழுதியவர் சார்ல்ஸ் வில்சன் பீல். எழுதப்பட்ட ஆண்டு 1819.

அவர் பெயரின் முற்பகுதி தமிழ்ச் செவிக்கு 'எவரோ ஒருவர்' என்னும் பொருள்பட ஒலிப்பது தற்செயலே. ஆயினும் அவருடைய படம் நெடுங்காலம் அவர் பெயரின்றி, வேறொருவர் பெயரைத் தாங்கி நின்றது என்பதை அறியும்போது அத்தற்செயலும் பொருளுடையதாகத் தோன்றுகிறது. வண்ணம் அம்முகத்தை எவ்வாறு காத்தது, தொலைந்த பெயர் எவ்வாறு மீண்டது என்னும் இரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓவியர்

சார்ல்ஸ் வில்சன் பீல் 1741ஆம் ஆண்டில் மேரிலாந்தில் பிறந்தவர். இளமையில் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலைப் பயின்றார். ஓவியத்தில் விருப்பம் மிகவே, ஜான் ஹெசீலியஸ் என்னும் ஓவியருக்குத் தாம் செய்த சேணம் ஒன்றைக் கொடுத்து, அதற்கு ஈடாக ஓவியப் பாடம் கேட்டார் என்பர். 1767 முதல் 1769 வரை இலண்டனில் பெஞ்சமின் வெஸ்ட் என்பவரிடம் பயிற்சி பெற்றார். 1772இல் ஜார்ஜ் வாஷிங்டனின் உருவத்தை எழுதினார். 1776இல் பிலடெல்பியாவில் குடியேறிய அவர், பிற்காலத்தில் அந்நகரில் ஓர் அருங்காட்சியகத்தை நிறுவினார். பாடம் செய்த பறவைகளும், 1801இல் அவர் முன்னின்று தோண்டியெடுத்த மாஸ்டடான் என்னும் தொல்விலங்கின் எலும்புக்கூடும் அங்கு வைக்கப்பட்டன. அவற்றோடு நாட்டின் புகழ்மிக்க மாந்தர்தம் உருவப்படங்களும் இடம்பெற்றன. தம் மக்களுக்கு ரபேல், ரெம்பிராண்ட், ரூபன்ஸ், டிஷியன் எனப் பேரோவியர்களின் பெயர்களை இட்டு மகிழ்ந்தவர் அவர்.

இத்தகையவரிடத்தும் காலத்தின் கறை படிந்திருந்தது. பீலின் இல்லத்திலும் அடிமைகள் இருந்தனர். அவர்களுள் ஒருவரான மோசஸ் வில்லியம்ஸ் 1802 அளவில்தான் விடுதலை பெற்றார். அவர் பீலின் அருங்காட்சியகத்திலேயே வருவோரின் பக்கவாட்டு முகவடிவைத் தாளில் வெட்டித் தரும் தொழிலைச் செய்து வந்தார். ஆகவே அடிமை முறையிலிருந்து விலகி வாழ்ந்த தூயவராகப் பீலை நாம் எண்ணிவிடலாகாது. அம்முறையின் பயனைத் துய்த்தவர் ஒருவர், அதனால் வருந்தியவர் ஒருவரின் எதிரே தூரிகையோடு அமர்ந்தார் என்பதை மனத்திற்கொண்டே இப்படத்தைக் காணுதல் வேண்டும்.

1818ஆம் ஆண்டின் இறுதியில் பீல் வாஷிங்டன் நகருக்குச் சென்றார். குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மன்றோ உள்ளிட்ட தலைவர்களின் உருவங்களைத் தம் அருங்காட்சியகத்திற்காக எழுதுவது அவர் நோக்கம். அப்போது அவருக்கு அகவை 77. அருகிலிருந்த ஜார்ஜ்டவுனில் 140 வயதுடைய முதியவர் ஒருவர் வாழ்கிறார் என்னும் செய்தி அங்கே அவர் செவிக்கு எட்டியது. உடல்நலம் பேணி வாழ்நாளை நீட்டிப்பது குறித்து 1803ஆம் ஆண்டிலேயே சிறுநூல் வெளியிட்டவர் பீல். அவருக்கு இச்செய்தி பேரார்வத்தை ஊட்டியதில் வியப்பில்லை.

எழுதப்பட்டவர்

140 என்பது ஊரார் நம்பிக்கை. மாமூத்தின் உண்மையான அகவை அப்போது ஏறத்தாழ 83 எனப் பிற்கால ஆய்வாளர் கணித்துள்ளனர். அவர் மேற்கு ஆப்பிரிக்காவின் புலானி இனத்தவர். 1736 அளவில் பிறந்தவர். 'மாமூத்' என்பது முஹம்மது என்னும் பெயர் அந்நியர் செவியிலும் எழுத்திலும் அடைந்த திரிபு எனக் கொள்வர். 1752ஆம் ஆண்டில், பதினாறு வயது இளைஞராக, 'எலிஜா' என்னும் கப்பலில் மேரிலாந்தின் அன்னாபொலிஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார். அங்கே பீல் என்னும் ஓவியர் பெயரோடு தொடர்பற்ற 'பியால்' என்னும் குடும்பத்தார் அவரை விலைக்கு வாங்கினர்.

விடுதலை அவருக்கு எளிதில் வரவில்லை. தாம் கட்டவிருக்கும் பெரிய இல்லத்துக்கு வேண்டிய செங்கற்களை எல்லாம் அறுத்து முடித்தால் விடுதலை தருவதாக உரிமையாளர் புரூக் பியால் வாக்களித்தார். மாமூத் அவ்வாறே செங்கல் அறுத்து முடித்தார். ஆனால் வீடு எழும்புமுன், 1795இல், உரிமையாளர் இறந்தார். கணவரின் வாக்கை அறிந்திருந்த மனைவியார் அதனைப் பொய்யாக்கவில்லை. 1796இல் மாமூத் விடுதலை பெற்றார். அப்போது அவருக்கு வயது அறுபது.

உழைத்து ஓய வேண்டிய அவ்வகவையில் அவர் தமக்கென உழைக்கத் தொடங்கினார். சிறுகச் சிறுகச் சேர்த்த 100 டாலரை வணிகர் ஒருவரிடம் ஒப்படைத்தார். அவ்வணிகர் இறக்கவே பணம் போயிற்று. மீண்டும் உழைத்துச் சேர்த்ததை மற்றொரு வணிகரிடம் வைத்தார். அவர் நொடித்துப் போனார். மூன்றாம் முறை சேர்த்த 200 டாலரை நண்பர் ஒருவர் அறிவுரைப்படி ஜார்ஜ்டவுனின் கொலம்பியா வங்கிப் பங்குகளில் இட்டார். அப்பணம் நிலைத்தது. 1800ஆம் ஆண்டில் சொந்தமாக வீடும் மனையும் வாங்கினார்.

ஐந்து பத்தாண்டுகளுக்கு மேலாக அயல்மண்ணில் வாழ்ந்தும், தொழுகையைக் கூட்டாக நிறைவேற்றப் பள்ளிவாசல் ஒன்றும் இல்லாத சூழலிலும், மாமூத் தம் மார்க்கத்தைக் கைவிடவில்லை. அவர் தெருக்களில் இறைவனைப் புகழ்ந்து பாடிச் செல்வதையும், பன்றி இறைச்சியையும் மதுவையும் தவிர்த்ததையும், சமயம் உள்ளத்திலிருந்து வரவேண்டும் என்று கூறியதையும் பீல் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். அந்நாட்குறிப்பு இல்லையேல் மேற்கூறியவற்றுள் பலவற்றை நாம் அறிந்திருக்க இயலாது.

இரண்டு நாள் அமர்வு

1819ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் மாமூத் பீலின் எதிரே அமர்ந்தார். அன்றைய பொழுது முழுதும் பீல் எழுதினார். முகச்சாயல் மட்டுமன்றி ஆடையும் பின்புலமும் கூட முதல் நாளிலேயே எழுதப்பட்டன. எனினும் மனநிறைவு கொள்ளாத ஓவியர் மேலும் செம்மை செய்யக் கருதி, மறுநாளும் வந்து அமருமாறு கேட்டுக்கொண்டார். மாமூத்தை வாங்கிய குடும்பத்தாரைத் தேடிச் சென்று அவர் வரலாற்றை உசாவவும் செய்தார்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. நீண்ட ஆயுள் என்னும் விந்தையைக் காணவே பீல் வந்தார். விந்தைப் பொருளைப் பதிந்துகொள்ள ஒரு விரைவுக் கோட்டோவியம் போதும். மறுநாள் அமர்வுக்கு வேண்டுவதும், வாழ்க்கை வரலாற்றைக் கேட்டறிவதும் விந்தைக்குத் தேவையற்றவை. அவை மனிதரை அறிய விழைபவரின் செயல்கள். நாட்டின் தலைவர்களை எழுதிய அதே பயணத்தில், அவர்களுக்கு வகுத்ததைப் போன்ற மார்பளவு வடிவையே இம்முதியவருக்கும் பீல் வகுத்தார் என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

எண்ணெய் வண்ணத்தின் இயல்பு

இரண்டு நாளில் ஒரு முகத்தை எழுதி முடிப்பது எவ்வாறு இயன்றது? இதனை உணர எண்ணெய் வண்ணத்தின் தன்மையை அறிதல் இன்றியமையாதது.

அக்காலத்து முறைப்படி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கித்தானின் மீது முதலில் வச்சிரப் பசை பூசப்பட்டது. எண்ணெய் நேரே நூலிழையில் ஊறினால் துணி நாளடைவில் இற்றுவிடும். பசை அதனைத் தடுக்கும். அதன்மேல் ஈய வெள்ளையும் எண்ணெயும் கலந்த அடித்தளப் பூச்சு இடப்பட்டது. அது உலர்ந்த பின்னரே ஓவியர் வண்ணத்தைத் தொடுவார்.

வண்ணம் என்பது நுண்ணிய பொடியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்த குழம்பு. நீர்வண்ணம் உலர்வது நீர் ஆவியாகிப் போவதால். எண்ணெய் அவ்வாறு ஆவியாவதில்லை. காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்றுத் தன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்து மெல்லிய உறுதியான படலமாக இறுகுகிறது. அதற்குப் பல நாட்கள் ஆகும். இத்தாமதம் ஒரு குறைபோலத் தோன்றினும் உருவப்படக் கலைஞனுக்கு அதுவே வரம். ஈரம் மாறாத இரண்டு வண்ணங்களின் எல்லையைத் தூரிகையால் மெல்ல வருடி, ஒன்றை மற்றொன்றில் கரைத்துவிடலாம். கன்னத்தின் வளைவில் ஒளி எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று காணவியலாத அந்த மென்மை இவ்வாறு பிறப்பதேயாகும்.

பல திங்கள் எடுத்து எழுதும் ஓவியர், ஒரு பூச்சை உலரவிட்டு அதன்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய வண்ணப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவர். கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் மிகுதியாகவும் இருக்கவேண்டும் என்பது அம்முறையின் முதன்மையான விதி. மெதுவாக உலரும் பூச்சின்மீது விரைந்து உலரும் பூச்சு அமைந்தால் மேற்பரப்பு வெடித்துவிடும். இரண்டு நாள் அமர்வில் இம்முறைக்கு இடமில்லை. முதல் நாள் இட்ட வண்ணம் முழுதும் இறுகுமுன் மறுநாள் தூரிகை அதன்மேல் செல்கிறது. ஆகவே ஓவியர் நிறத்தையும் இடத்தையும் முன்கூட்டியே துணிந்து, தயங்காமல் இட வேண்டும். அரைநூற்றாண்டுக்கு மேற்பட்ட பயிற்சி பீலின் கைக்கு அத்துணிவை அளித்திருந்தது.

கருமேனியை எழுதும் நுட்பம்

அக்காலத்து ஐரோப்பிய ஓவியப் பயிற்சியில் 'தசை வண்ணம்' என்று குறிக்கப்பெற்றது பெரும்பாலும் வெண்மேனியரின் நிறமேயாகும். ஈய வெள்ளையில் சிறிது சாதிலிங்கச் சிவப்பும் மஞ்சட் காவியும் சேர்த்துக் குழைப்பது அதன் பொதுவழி. ஆப்பிரிக்கரின் மேனிக்கு இவ்வாய்பாடு உதவாது. கருமை கலந்து இருளாக்கிவிட்டால் போதும் என எண்ணினால் முகம் உயிரற்ற கரித்துண்டாகிவிடும். கருநிற மேனியில் பழுப்பும் செம்மையும் பொன்மையும், ஒளி படுமிடத்தில் நீலச்சாயலும் உறைந்துள்ளன. அவற்றைக் கண்டு எழுதக் கண் முதலில் பழக வேண்டும்.

இதற்கு எண்ணெய் வண்ணம் இருவகையில் துணைபுரிகிறது. முதலாவது, ஆழம். எண்ணெய் வண்ணப்பொடியின் ஒவ்வொரு துகளையும் சூழ்ந்துகொள்வதால், ஒளி மேற்பரப்பிலேயே சிதறாமல் உட்புகுந்து மீள்கிறது. நனைந்த கூழாங்கல் உலர்ந்த கல்லினும் நிறமிக்குத் தோன்றுவதைப் போன்றது இது. பழுப்பு மண்வண்ணங்கள் சில எண்ணெயில் ஒளியூடுருவும் இயல்பின. நிழலை மெல்லியதாக இட்டால், கீழிருந்து மீளும் ஒளியால் அந்நிழல் வெறும் இருளாகாமல் வெதுவெதுப்போடு விளங்கும்.

இரண்டாவது, படல வேற்றுமை. வெளிர்நிறத்தை ஆழ்ந்த நிறத்தின்மீது மிக மெல்லியதாக இழுத்தால், அது தன் நிறத்தைக் காட்டாமல் நீலச்சாயலைக் காட்டும். தொலைவிலுள்ள கருமலை பனிமூட்டத்தினூடே நீலமாகத் தோன்றுவது போல. நீலத்தைக் கலவாமலே நீலச்சாயலைப் பெறும் நுட்பம் இது. நெற்றியிலும் கன்ன எலும்பிலும் மூக்கின் மேற்புறத்திலும் ஒளி விழும் இடங்களுக்கு இது பெரிதும் பொருந்தும். மிகுந்த ஒளியுள்ள புள்ளிகளில் மட்டும் வண்ணத்தைத் தடிப்பாக இடுவர். நிழல் மெலிதாகவும் ஒளி தடிப்பாகவும் அமைவது எண்ணெய் ஓவியர் வழிவழியாகப் போற்றிவந்த நெறி.

மாமூத்தின் படத்தில் இந்நெறியின் பயனைக் காணலாம். பின்புலத்தில் தூண்களோ திரைச்சீலையோ இல்லை. பார்வையை ஈர்க்கும் வேறு பொருளும் இல்லை. ஒளி முழுதும் முகத்தில் தங்குகிறது. சுருக்கங்கள் வெறுங்கோடுகளாகக் கீறப்படவில்லை. ஒவ்வொன்றும் சிறு மேடும் சிறு பள்ளமுமாக, ஒளியும் நிழலுமாக எழுதப்பட்டுள்ளது. கண்ணின் கருமணியில் உள்ள ஒளிப்புள்ளி அப்பார்வைக்கு உயிர் தருகிறது. முறுவலோ உதட்டில் மட்டும் இல்லை. கண்ணோரத்துச் சுருக்கத்திலும் கன்னத்தின் எழுச்சியிலும் பரவியுள்ளது. உள்ளத்து உணர்வு உடலின்வழி வெளிப்படுவதை மெய்ப்பாடு என்பர் நம் இலக்கண நூலார். இம்முகத்தில் உள்ள மெய்ப்பாடு அடங்கிய மகிழ்ச்சி.

இதன் அருமையை உணர இன்னொன்றையும் ஒப்பிட வேண்டும். 1828 முதல் 1830 வரை எட்வர்ட் கிளே என்பவர் அதே பிலடெல்பியாவின் வாழ்க்கையைப் பற்றிய கேலிச்சித்திர வரிசை ஒன்றை வெளியிட்டார். அதில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் உடையும் பேச்சும் நகைப்புக்குரியனவாக்கப்பட்டன. கேலிச்சித்திரம் ஓர் இனத்தையே ஒரே முகமாகச் சுருக்குகிறது. பீலின் படமோ ஒரு முகத்தை வேறெவருடையதும் ஆகாத முகமாகக் காட்டுகிறது.

பெயர் தொலைந்ததும் மீண்டதும்

மாமூத் 1823ஆம் ஆண்டு சனவரி 19ஆம் நாள் மறைந்தார். தம் தோட்டத்தில் அவர் வழக்கமாகத் தொழுது வந்த மூலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார் என்று அன்றைய இரங்கற் குறிப்பு கூறுகிறது. 1827இல் பீலும் மறைந்தார். அருங்காட்சியகம் நலிவுற்று, அதன் உருவப்படங்கள் 1854இல் ஏலத்தில் விற்கப்பட்டன. பிற்காலத்தில் இப்படத்துக்குரியவராக வேறொருவர் பெயர் சுட்டப்பட்டது. வாஷிங்டனின் அடிமைப் பணியாளராக இருந்த பில்லி லீ என்பவரே இவர் எனக் கருதப்பட்டார்.

இத்தவறு நிகழ்ந்ததற்குரிய மனப்போக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு கறுப்பின முதியவரின் முகம் பேரோவியர் ஒருவரால் எழுதப்பட்டிருந்தால், அவர் பெருந்தலைவர் ஒருவரின் பணியாளராகவே இருந்திருக்க வேண்டும் என உலகம் எளிதில் நம்பியது. தம் கையால் செங்கல் அறுத்து விடுதலை பெற்று, தம் பெயரில் வீடு வாங்கிய ஒருவரின் முகம், பெயர்ச்சீட்டில் மீண்டும் ஓர் எஜமானரின் நிழலுக்குள் தள்ளப்பட்டது.

1947ஆம் ஆண்டில், பீலின் வழித்தோன்றலும் அவர் வரலாற்றை எழுதியவருமான சார்ல்ஸ் கோல்மன் செல்லர்ஸ் இத்தவற்றைத் திருத்தி, படத்தில் உள்ளவர் யாரோ மாமூத்தே என நிறுவினார். பென்சில்வேனியா வரலாற்றுச் சங்கத்தின் உடைமையாக இருந்த இப்படத்தை 2011இல் பிலடெல்பியா கலை அருங்காட்சியகம் விலைக்குப் பெற்றது. 2012இல் ஜேம்ஸ் ஜான்ஸ்டன் என்பவர் மாமூத்தின் வரலாற்றையும் அவர் வழிவந்த குடும்பத்தின் வரலாற்றையும் விரிவான நூலாக வெளியிட்டார். 2015இல் ஜார்ஜ்டவுனில் அவர் வாழ்ந்த மனையில் தொல்லியல் அகழாய்வும் நடைபெற்றது.

மாமூத்தை 1822ஆம் ஆண்டில் ஜேம்ஸ் அலெக்சாண்டர் சிம்சன் என்னும் ஓவியரும் எழுதியுள்ளார். அப்படம் ஜார்ஜ்டவுன் பொதுநூலகத்தைச் சேர்ந்தது. 2007ஆம் ஆண்டில் அந்நூலகத்தில் பெருந்தீ மூண்டபோது அப்படம் மீட்கப்பட்டது. அடிமையாக வந்த ஒருவருக்கு அவர் வாழ்நாளிலேயே இரண்டு உருவப்படங்கள் எழுதப்பட்டதும், இரண்டும் இன்றளவும் நிலைத்திருப்பதும் வரலாற்றில் அரிய நிகழ்ச்சியாகும்.

முடிவுரை

இரு நூற்றாண்டுகளைக் கடந்தும் மாமூத்தின் முறுவல் மங்காமல் இருப்பதற்குக் காரணம் வண்ணத்தின் வேதியியலும் ஓவியரின் கைத்திறனும் ஆகும். ஆனால் அவ்வண்ணத்தால் அவருடைய பெயரைக் காக்க இயலவில்லை. முகத்தை உள்ளவாறு காத்த படமே பொய்ப்பெயரையும் வாய்திறவாமல் சுமந்து நின்றது. பெயரை மீட்டவை எழுத்துகள்: ஓர் ஓவியர் அன்றன்று எழுதிவைத்த நாட்குறிப்பும், நில ஆவணங்களும், விடுதலைப் பத்திரமும், அவற்றைப் பொறுமையாகத் துருவி ஆராய்ந்தோரின் உழைப்பும்.

கலைக்கூடம் போற்றும் படங்களை நாம் போற்றுகிறோம், நன்று. ஆனால் அவற்றின் அருகே எழுத்தும் ஆவணமும் இல்லையேல், நாளை அந்த முகம் எவருடையதாகவும் ஆகிவிடக்கூடும். நம் இல்லங்களில் மாட்டியுள்ள மூதாதையர் படங்களுள் எத்தனையின் பின்புறத்தில் பெயர் எழுதப்பட்டுள்ளது? வாழ்வோரின் நினைவு மறையுமுன் அதனை எழுதிவைப்பது மொழி பயில்வோர்க்குரிய கடமை. முகத்தைக் காணும்போது பெயரையும் கேட்போமாக. கேட்ட பெயரைப் பிழையின்றி எழுதிவைப்போமாக. அப்போது எந்த முகமும் 'யாரோ ஒருவர்' ஆகிவிடாது.